டயட் தேடல்கள்: கூகுள் ட்ரெண்ட்ஸ் கோடு உண்மையில் எதைக் காட்டுகிறது?

#1 வைகைக்கரை

‘கீட்டோ காலம் முடிந்துவிட்டது’, ‘எல்லாரும் இப்போது விரதத்துக்கு மாறிவிட்டார்கள்’ என்கிற மாதிரிக் கட்டுரைகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஆதாரம் என்று காட்டுவது பெரும்பாலும், ஒரு சொல்லுக்கான கூகுள் தேடல் எப்படி ஏறி இறங்கியது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் கோட்டைத்தான். நாள் முழுக்கத் தரவுகளோடு மாரடிப்பது என் வேலை. அதனால் அந்தக் கோட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்று பேசவே இந்த இழை.

ட்ரெண்ட்ஸ் தரவு 2004 ஜனவரியிலிருந்துதான் கிடைக்கும். அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்து ‘அட்கின்ஸ் டயட்’ என்று போட்டால் கோடு தொடங்கும்போதே உச்சத்தில் இருக்கும், அப்புறம் இறக்கம்தான். ராபர்ட் அட்கின்ஸ் மாவுச்சத்தைக் குறைக்கும் தன் முறையை 1972-லேயே வெளியிட்டுவிட்டார். 2003-ல் நியூயார்க்கில் பனியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 2005-ல் திவால் மனு போட்டது. ஆக, அந்த அலையின் கடைசிப் பகுதி மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. மயாமி இதய மருத்துவர் ஆர்தர் அகட்ஸ்டனின் சவுத் பீச் டயட்டும் அதே சமயத்தில் உச்சத்தில் இருந்தது. 2013 வாக்கில், ஆதிமனிதன் சாப்பிட்ட மாதிரிச் சாப்பிடச் சொல்லும் பேலியோ வந்தது. மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோவுக்கு உச்சம் 2019 ஜனவரி. அதே 2019-ல் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங், அதாவது இடைவெளி விட்டு இருக்கும் விரதம், வேகமெடுத்தது.

இப்போது பெயரை விட்டுவிட்டு ‘டயட்’ என்று மட்டும் அமெரிக்காவுக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் செங்குத்தாக ஏறும். பிறகு மெல்ல மெல்ல இறங்கி, நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங், அப்புறம் கிறிஸ்துமஸ் என்று விருந்துக் காலம் வரும்போது அடிமட்டத்துக்குப் போய்விடும். அடுத்த ஜனவரியில் மறுபடி ஏற்றம். டயட்டின் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, மாதம் மாறவில்லை.

என் கருத்து இதுதான். ஒரு டயட்டின் பெயரைக் கூகுளில் தேடுபவர் பெரும்பாலும் அதை இன்னும் தொடங்காதவர், அல்லது இந்த வாரம் தொடங்கியவர். ஆறு மாதமாக அதிலேயே இருப்பவருக்கு ‘கீட்டோ என்றால் என்ன’ என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கோடு இறங்கினால் புதிதாக விசாரிப்பவர்கள் குறைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பின்பற்றுபவர்கள் விட்டுவிட்டார்கள் என்பதற்கு அதில் ஆதாரமே கிடையாது.

#2 பொருநை

நல்ல இழை அண்ணா. எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். கோட்டின் உச்சியில் 100 என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு? 100 லட்சமா, 100 சதவீதமா? நான் பார்த்த ஒரு வீடியோவில் ‘தேடல் 100-லிருந்து 50 ஆகிவிட்டது, பாதிப் பேர் போய்விட்டார்கள்’ என்றே சொன்னார்கள்.

#3 வைகைக்கரை

தம்பி, நிறையப் பேர் தடுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

அது எண்ணிக்கை இல்லை, பங்கு. அந்த ஊரில், அந்தக் காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு பங்கு என்று முதலில் பார்க்கிறார்கள். அந்தப் பங்கு எப்போது மிக அதிகமாக இருந்ததோ அதை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதற்கு ஒப்பிடுகிறார்கள்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மாதம் ஒரு லட்சம் தேடல்கள் நடக்கின்றன, அதில் கீட்டோவுக்கு 100. சில வருடம் கழித்து பத்து லட்சம் தேடல்கள், கீட்டோவுக்கு 500. தேடியவர் எண்ணிக்கை ஐந்து மடங்கு கூடிவிட்டது. ஆனால் பங்கு ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது இரண்டாயிரத்தில் ஒன்றாகிவிட்டது. ட்ரெண்ட்ஸ் கோடு 100-லிருந்து 50-க்கு இறங்கும்! இந்தியா மாதிரி, சில வருடங்களிலேயே கோடிக்கணக்கானவர்கள் கைப்பேசியோடு இணையத்துக்குள் வந்த நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. புதிதாக வந்தவர்கள் கிரிக்கெட் ஸ்கோர், தேர்வு முடிவு, ரயில் டிக்கெட் என்று எதையெல்லாமோ தேடுகிறார்கள். அதெல்லாம் சேர்ந்து டயட்டின் பங்கைக் கீழே தள்ளிவிடும்.

மாநில வரைபடமும் அப்படித்தான். ஒரு சின்ன மாநிலம் அடர் நீலத்தில் முதலிடத்தில் இருந்தால் அங்கேதான் அதிகம் பேர் தேடினார்கள் என்று அர்த்தம் ஆகாது, அங்கே நடந்த தேடல்களில் அதன் பங்கு அதிகம் என்றுதான் அர்த்தம்.

இன்னும் இரண்டு விஷயம். மொத்தத் தேடல்களையும் அவர்கள் எண்ணுவதில்லை, ஒரு மாதிரியை எடுத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால் குறைவாகத் தேடப்படும் சொல்லை இன்றைக்கும் நாளைக்கும் எடுத்துப் பார்த்தால் கோடு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அப்புறம், 0 என்று காட்டினால் யாருமே தேடவில்லை என்று நினைக்க வேண்டாம். கணக்கில் காட்டும் அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

#4 கொங்குத்தமிழ்

கூகுள் வருடக் கடைசியில் பட்டியல் போடுகிறதே, அமெரிக்காவில் 2018-ல் கீட்டோ முதலிடம், 2019-ல் இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் முதலிடம் என்று. அதுவாவது நேரான எண்ணிக்கையா?

#5 வைகைக்கரை

அதுவும் இல்லை. முந்தைய வருடத்தைவிட எது அதிகமாக ஏறியது என்கிற பட்டியல் அது. வருடம் முழுக்க ஒரே அளவில், ஏராளமாகத் தேடப்படும் ஒன்று அந்தப் பட்டியலில் வராமலே போகலாம். மத்திய தரைக்கடல் உணவுமுறையையே பாருங்கள். அமெரிக்காவின் யு.எஸ். நியூஸ் இதழ் நிபுணர்களை வைத்துப் போடும் தரவரிசையில் 2018-லிருந்து அதுதான் வருடா வருடம் முன்னணி, கீட்டோ வழக்கமாக அடியில் கிடக்கும். தேடல் கோட்டில் கதை தலைகீழ். கீட்டோ மலை மாதிரி எழுந்து இறங்கியது, மத்திய தரைக்கடல் முறை சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

#6 சத்துணவு_அக்கா

கோவைப் பக்கம் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். புதிதாக வருபவர் தேடல் கோட்டில் தெரிகிறார் என்று தம்பி சொன்னது என் அறைக்கு வருகிறவர்களுக்கு அப்படியே பொருந்துகிறது. வந்து உட்கார்ந்ததும் கைப்பேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது ஜி.எம். டயட் அட்டவணை. முதல் நாள் வாழைப்பழம் தவிர மற்ற பழங்கள், இரண்டாம் நாள் காய்கறி, மூன்றாம் நாள் இரண்டும், நான்காம் நாள் வாழைப்பழமும் பாலும், நடுவில் முட்டைக்கோஸ் சூப், ஏழு நாளில் இத்தனை கிலோ. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் ஊழியர்களுக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சோதித்து உருவாக்கியது என்று கீழே ஒரு வரியும் இருக்கும். அதற்கு எந்தச் சான்றும் கிடையாது. ஆனாலும் அந்த வரிக்காகவே நம்புகிறார்கள்.

ஏழு நாளில் எடை குறைவது என்னவோ உண்மைதான். ஆனால் குறைவதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரையும், கூடவே தண்ணீரும் போகும். எட்டாம் நாள் இரண்டு தோசை சாப்பிட்டால் அது திரும்பி வரத் தொடங்கும். ‘டயட் வேலை செய்தது, நான்தான் கெடுத்துவிட்டேன்’ என்று அழுகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அடுத்த முறை அவர்கள் வேறு ஒரு பெயரைத் தேடுகிறார்கள். உங்கள் கோட்டில் ஒரு பெயர் இறங்கி இன்னொன்று ஏறுவதில் இவர்களும் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறவர் யாரையும் கேட்காமல் 16 மணி நேரம் பட்டினி இருந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் கீட்டோ தொடங்கினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோ அமிலம் கூடி, அவசரப் பிரிவுக்குப் போக நேரலாம். ‘கீட்டோ’ என்று தேடுபவருக்கு முதலில் வருவது பனீர் ரெசிபி. இந்த எச்சரிக்கை எத்தனையாவது பக்கத்தில் வருகிறது?

#7 பழைய_பேலியோ

எல்லாரும் கூகுளையே பேசுகிறீர்கள். தமிழ்நாட்டில் நடந்த மிகப் பெரிய டயட் அலை கூகுளில் நடக்கவே இல்லை. நான் அதற்குள்ளேயே இருந்தவன், இன்னும் இருக்கிறேன்.

நியாண்டர் செல்வன் நடத்திய ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ பேலியோ ஃபேஸ்புக் குழுவைச் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் குழுவில் போட்டால் அதைப் பார்த்து டயட் சார்ட் சொல்வார்கள். காலையில் 100 பாதாம், மதியம் காய்கறி, இரவு முட்டையோ இறைச்சியோ, நடுவில் பட்டர் டீ. ‘100 பாதாம்’ என்றால் ஆபீஸில் எல்லாருக்கும் புரிகிற காலம் அது. ஊற வைத்து, காய வைத்து, நெய்யில் வறுத்து டப்பாவில் எடுத்துப் போவோம். கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் சோற்றைத் தவிர்த்துவிட்டுப் பொரியலை மட்டும் மூன்று முறை வாங்குகிறவனைப் பார்த்தாலே ‘நீங்களும் பேலியோவா?’ என்று பக்கத்து இலைக்காரர் கேட்பார்.

அந்த ஆட்கள் எதையும் கூகுளில் தேடவில்லை. சந்தேகம் வந்தால் குழுவில் கேட்டார்கள், பதில் தமிழில், அதுவும் நம்ம ஊர்ச் சாப்பாட்டை வைத்தே வந்தது. கீரைக்கூட்டில் பருப்பு போடலாமா, மோர்க்குழம்பு சாப்பிடலாமா என்றெல்லாம் கூகுளிடம் கேட்டால் அப்போது என்ன கிடைத்திருக்கும்? இந்த அலை உங்கள் ட்ரெண்ட்ஸில் எவ்வளவு தெரியும் தம்பி?

#8 வைகைக்கரை

அண்ணா, கூகுள் ட்ரெண்ட்ஸில் ஃபேஸ்புக்குக்குள் நடக்கும் தேடலும் வராது, வாட்ஸப்பில் சுற்றும் படமும் வராது. ஒரு குழு எவ்வளவு நன்றாக நடக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் உறுப்பினர்கள் வெளியே தேட வேண்டிய தேவை குறையும். தமிழ் பேலியோவைப் பற்றி எதிர்காலத்தில் யாராவது ட்ரெண்ட்ஸை மட்டும் வைத்து எழுதினால் அது அரைகுறை வரலாறாகத்தான் இருக்கும்.

மொழிச் சிக்கலும் உண்டு. ஒரே விஷயத்தை ஒருவர் தமிழ் எழுத்தில் தேடுவார், ஒருவர் ஆங்கிலத்தில் தேடுவார், இன்னொருவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். அப்புறம் நம் மக்களில் பலர் டயட்டின் பெயரையே தேடுவதில்லை. ‘தொப்பை குறைய’, ‘உடல் எடை குறைய என்ன சாப்பிட வேண்டும்’ என்று நேராகக் கேட்கிறார்கள். யூடியூபில் தேடுபவர்கள் தனி. ட்ரெண்ட்ஸில் மேலே ‘இணையத் தேடல்’ என்று இருப்பதை ‘யூடியூப் தேடல்’ என்று மாற்றலாம், 2008-லிருந்து தரவு உண்டு. சமையலும் உடம்பும் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு அதைப் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

#9 லண்டன்_ஈழவன்

இங்கத்தைய அனுபவம் ஒன்று. பிரித்தானியாவில் ஜனவரி என்றால் எடைக் குறைப்போடு சேர்த்து, பால், முட்டைகூடத் தொடாத வீகனும் ஏறும். ஜனவரி முழுக்க வீகனாக இருந்து பார்க்கச் சொல்லி 2014-ல் தொடங்கிய வீகனுவரி இயக்கம் அதற்கு ஒரு முக்கிய காரணம். சூப்பர் மார்க்கெட்டிலும் அந்த மாதம் தனி அடுக்கே வைப்பார்கள்.

ஒரே இரவில் ஏறுவதும் உண்டு. 2012 ஆகஸ்டில் மைக்கேல் மோஸ்லி பிபிசியில் விரதம் பற்றிய நிகழ்ச்சி செய்தார், அதிலிருந்துதான் வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போலவும் இரண்டு நாள் மிகக் குறைவாகவும் சாப்பிடும் 5:2 முறை இங்கே வீட்டுக்கு வீடு பேச்சானது. 2020 மே மாதம் பாடகி அடேல் தன் பிறந்தநாள் படத்தைப் போட்டபோது மெலிந்திருந்தார், உடனே பத்திரிகைகள் சர்ட்ஃபுட் டயட் என்று எழுதின, சனமும் அதைத் தேடத் தொடங்கியது. பிறகு 2021-ல் அவர் பேட்டி கொடுத்தபோது தான் அப்படி எந்த டயட்டும் செய்யவில்லை, உடற்பயிற்சிதான் என்று சொல்லிவிட்டார். அவர் செய்யாத ஒன்றை அவர் பெயரால் தேடியிருக்கிறார்கள். அதை ‘மக்கள் ஆர்வம்’ என்று எழுதினால் பாதிக் கதைதான்.

#10 கேள்விக்குறி

இவ்வளவு ஓட்டை இருக்கிற கருவியை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? கூகுளே இதில் சறுக்கியிருக்கிறது. 2008-ல் ‘கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்’ கொண்டுவந்தார்கள். காய்ச்சல் சம்பந்தமான தேடல்களை வைத்து ஃப்ளூ எங்கே பரவுகிறது என்று சொல்லிவிடலாம் என்றார்கள். 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. 2015-ல் மூடிவிட்டார்கள். செய்தியில் பார்த்துப் பயந்து தேடியவரையும் காய்ச்சலில் படுத்தவரையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. டயட்டிலும் அதேதான்.

#11 வைகைக்கரை

நீங்கள் சொன்ன வரலாறு சரி, முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. ஃப்ளூவில் அவர்கள் தேடலை வைத்து நோயாளிகளை எண்ணப் பார்த்தார்கள். நான் எத்தனை பேர் டயட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லவில்லை. எப்போது கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். அதற்கு இந்தக் கருவி நன்றாகவே உதவும்.

2020 ஊரடங்கையே எடுங்கள். இந்தியாவில் டல்கோனா காபி தேடலில் பறந்தது, பனீர் வீட்டில் செய்வது எப்படி என்று கேட்டார்கள், நோய் எதிர்ப்புச் சக்தியை எப்படிக் கூட்டுவது என்று கேட்டார்கள். வீட்டில் அடைபட்டு, பயத்தோடு, அடுப்படியில் நின்ற மக்களின் மனநிலை அதில் அப்படியே இருக்கிறது. வேறு எந்தக் கணக்கெடுப்பிலும் அவ்வளவு சீக்கிரம் அது கிடைத்திருக்காது.

கோட்டுக்குக் கீழே ‘தொடர்புடைய வினவல்கள்’ என்று ஒரு பகுதி இருக்கிறதே, பலர் அதுவரை இறங்கிப் பார்ப்பதே இல்லை. ஒரு டயட்டின் பெயரோடு சேர்த்து மக்கள் வேறு என்ன கேட்டார்கள் என்று அங்கே வரும். கோட்டைவிட அதுதான் எனக்கு முக்கியம்.

#12 ஓய்வூதியன்_திருச்சி

எல்லாம் படித்தேன். எனக்குச் சர்க்கரை, பல வருடமாக. என் மகன் விரதம் இருக்கச் சொல்கிறான், மருமகள் கீட்டோ என்கிறாள், தம்பி சிறுதானியம் என்கிறார். தேடிப் பார்த்தால் ஒவ்வொன்றும்தான் சிறந்தது என்று வருகிறது. அம்மா, உணவியல் ஆலோசகரே, எதுதான் நல்லது?

#13 சத்துணவு_அக்கா

ஐயா, வணக்கம். உங்கள் கேள்விக்கு ஆராய்ச்சிகளில் பதில் இருக்கிறது, ஆனால் பரபரப்பாக இருக்காது.

ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டு அணியாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். ஒரு அணிக்குக் கொழுப்புக் குறைவு, இன்னொன்றுக்கு மாவுச்சத்துக் குறைவு. 2018-ல் முடிவு வந்தது. சராசரியாக முதல் அணி 5.3 கிலோ, இரண்டாம் அணி 6 கிலோ குறைந்தது. சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. ஒரே அணிக்குள்ளேயே நிறையக் குறைந்தவரும் இருந்தார், கூடினவரும் இருந்தார். 2020-ல் 121 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 22,000 பேரை ஒன்றுசேர்த்து 14 பிரபல டயட்களை ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் பெரும்பாலானவற்றில் எடை குறைந்தது. 12 மாதம் ஆனபோது அந்தப் பலன் பெரும்பாலும் மறைந்துபோனது. அதனால் எந்தப் பெயர் என்பதைவிட, எதை உங்களால் வருடக்கணக்கில் தொடர முடியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் சாப்பாட்டில் பிரச்சினை எங்கே என்பதும் தெரிந்ததுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வந்தது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு, இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதன் வாசலில். அதே ஆய்வுத் தொடரில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தானியமும் சிறுதானியமும் சேர்த்தே 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். ஆகவே உங்கள் தம்பி சொல்லும் சிறுதானியமும் அந்தக் கணக்குக்குள்தான் வரும் ஐயா, அளவில்லாமல் சாப்பிட முடியாது. தட்டில் சோறு குறைந்து, பருப்பு, சுண்டல், முட்டை, மீன், காய்கறி கூடட்டும். அதற்குப் பெயர் இல்லாததால் யாரும் அதைத் தேடப்போவதில்லை.

விரதம் இருப்பதற்கு முன்னால் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பதை உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

#14 பொருநை

இன்னும் ஒரு விஷயம். இப்போது என் நண்பர்கள் யாரும் டயட் பெயரே சொல்வதில்லை, எடை குறைக்கும் ஊசி பற்றித்தான் பேச்சு.

#15 வைகைக்கரை

ஆமாம் தம்பி. ஓசெம்பிக் என்ற ஊசி மருந்து அமெரிக்காவில் 2017 டிசம்பரிலேயே நீரிழிவுக்கு அனுமதி வாங்கியது, அதே மருந்து எடைக் குறைப்புக்கு வெகோவி என்ற பெயரில் 2021-ல் வந்தது. ஆனால் தேடல் பொங்கியது 2022 கடைசிக்கு மேல், பிரபலங்களும் சமூக ஊடகமும் பேசத் தொடங்கிய பிறகு. இந்தியாவில் அதே மாதிரி இன்னொரு ஊசியான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி 2025 ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. இனிமேல் ஒரு டயட்டின் கோடு இறங்கினால் இன்னொரு டயட்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதாது, மருந்தின் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம். ஆனால் ஓசெம்பிக் மாதிரிப் பெரிய ஒன்றைச் சேர்த்தால் மற்றதெல்லாம் அடியில் ஒட்டிக்கொண்டு தெரியும், அதனால் தனியாகவும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

#16 பழைய_பேலியோ

சத்துணவு அக்கா, மாத்திரை பற்றி நீங்கள் சொன்னது மிக முக்கியம். எங்கள் குழுவில் ரத்தப் பரிசோதனை இல்லாமல் சார்ட் கேட்டால் முதலில் அதைப் போடச் சொல்வார்கள். இன்றைக்கு 30 நொடி வீடியோ பார்த்துவிட்டுத் தொடங்குகிறவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. தேடுபவர்தான் புதியவர் என்று வைகைக்கரை சொல்வது உண்மையானால், எச்சரிக்கையை அந்தத் தேடலில்தான் வைக்க வேண்டும். தமிழில் எழுதுங்கள். நான் பரப்புகிறேன்.

#17 சத்துணவு_அக்கா

எழுதுகிறேன் தம்பி. நீண்ட கட்டுரையாக இல்லாமல், மக்கள் கேட்கிற மாதிரியே கேள்வியும் பதிலுமாக. ‘சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் விரதம் இருக்கலாமா’, ‘கீட்டோ தொடங்குவதற்கு முன் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்’, ‘பால் கொடுக்கும் தாய் டயட் இருக்கலாமா’ என்ற மூன்றையும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். வைகைக்கரை, இந்த மூன்றையும் நம் ஆட்கள் எந்தெந்த வடிவத்தில் அடித்துத் தேடுகிறார்கள் என்று தொடர்புடைய வினவல்களில் பார்த்து எடுத்துத் தர முடியுமா? யூடியூபையும் சேர்த்து.

#18 வைகைக்கரை

கட்டாயம் அக்கா. தமிழ் எழுத்தில் தனி, ஆங்கில எழுத்தில் தனி என்று இரண்டு பட்டியலாக, யூடியூபுக்கு வேறாகப் போட்டு அனுப்புகிறேன். டிசம்பர் நடுவிலேயே உங்கள் பதில்கள் இணையத்தில் இருந்தால் நல்லது. ஜனவரி முதல் வாரத்தில் புதிதாகத் தேட வருகிறவர்களுக்கு உதவும்.